தளர்ச்சியைக் குறிக்கும் சொற்கள்



இருபது ஆண்டுகளுக்கு முன், தில்லியில் மைய அரசின் அலுவலகம் ஒன்றில் நான் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்த புதிதில் நிகழ்ந்த ஒரு சிறு செய்தியைக் கூறி இப்பேச்சைத் தொடங்க விரும்புகிறேன். அக்டோபர் மாதத்தின் கடைசி வாரம். தமிழ்நாட்டின் வேளாண்மை நிலையைப் பற்றிய ஆங்கில அறிக்கை ஒன்று என் மேசைக்கு வந்தது. வடகிழக்குப் பருவமழை இதுவரை பெய்துள்ள அளவு 'டிஸ்கரேஜிங்' ஆக இருக்கிறது என்பது அதில் ஒரு வாக்கியம். நான் அதிகம் யோசிக்கவில்லை. "வடகிழக்குப் பருவமழை பொய்த்துவிட்டது" என்று எழுதினேன். நல்ல தமிழ் வழக்கு ஒன்று தக்க இடத்தில் வந்து அமைந்ததே என்ற மகிழ்ச்சியும் எனக்கு இருந்தது.

எங்கள் பிரிவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்தவர். என் தாளைப் படித்தவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமீது வைத்தார்.

"ஏன் தம்பி, மழை பொய்த்துவிட்டது என்று உமக்கு யார் சொன்னார்கள்?"

"மூலத்தில் அப்படித்தானே ஐயா இருக்கிறது?"

"மூலத்தில் மழை குறைந்திருக்கிறது என்றுதான் இருக்கிறது. பருவம் முடிய இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது. எங்கள் ஊரில் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முளைத்த பயிர் காய்ந்து போனால் மறுபடி விதைப்பதற்கென்று குதிரில் கொஞ்சம் நெல் ஒதுக்கி வைத்திருப்பார்கள். மழை பொய்த்துவிட்டது என்று வானொலியில் கேட்டால், என் தகப்பனார் மறுநாளே அந்த நெல்லை விலைக்குப் போட்டுவிடுவார். அதன்பின் மழை பெய்தால் விதைக்க என்ன இருக்கும்?"

நான் விடை கூறவில்லை. அந்த ஒரு சொல்லை அன்று மாலை வரையில் மாற்றி மாற்றி எழுதினேன். ஊக்கத்தைக் குறைக்கும் ஒன்றைக் குறிக்கத் தமிழில் எத்தனை சொற்கள் உண்டு, அவை ஒவ்வொன்றும் எதைக் கூறுகிறது, எதைக் கூறுவதில்லை என்பதை அன்று முதல் ஒரு குறிப்பேட்டில் எழுதிவரலானேன். அக்குறிப்பேட்டின் சாரத்தையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அந்த ஆங்கிலச் சொல்லின் அமைப்பைச் சற்று நோக்குவோம். 'கரேஜ்' என்பது துணிவைக் குறிக்கும் சொல். அது பிரெஞ்சு மொழியின் வழியாக வந்தது. அதன் வேர் இலத்தீன் மொழியில் இதயத்தைக் குறிக்கும் 'கோர்' என்னும் சொல்லாகும். ஆகவே 'டிஸ்கரேஜ்' என்பதற்கு, ஒருவரது நெஞ்சிலிருந்து துணிவை நீக்குதல் என்பது அடிப்படைப் பொருள். இதே பொருளில் வழங்கும் 'டிஸ்ஹார்ட்டன்' என்னும் சொல்லிலோ இதயம் வெளிப்படையாகவே நிற்கிறது. இவற்றுக்கு அண்டையில் வேறு சில சொற்களும் உண்டு. 'டிஸ்மல்' என்பது இலத்தீனில் 'தீய நாட்கள்' என்று பொருள்படும் தொடரிலிருந்து பிறந்தது. இடைக்கால ஐரோப்பியப் பஞ்சாங்கங்களில் ஆகாத நாட்கள் என்று குறிக்கப்பட்டவை அவை. 'ப்ளீக்' என்பது முதலில் வெளிறிய நிறத்தைக் குறித்தது. 'டான்ட்' என்பது விலங்கைப் பழக்கி அடக்குவதைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்தது. அகராதியில் இவையெல்லாம் ஒரே வரிசையில் ஒருபொருட் சொற்களாக நிற்கும். ஆயினும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தால், ஆங்கிலமறிந்தவர் காதுக்கு உடனே வேறுபாடு தோன்றிவிடும்.

நமக்குத் தொல்லை தருவது 'டிஸ்கரேஜிங்' என்னும் பெயரடை. அது ஒரே சொல்லில் இரண்டு செய்திகளை அடக்கிக்கொண்டிருக்கிறது. வெளியே நிகழ்ந்த ஒன்று நன்றாக இல்லை என்பது முதற் செய்தி. அதனால் மனிதர் உள்ளம் தளரும் என்பது இரண்டாவது செய்தி. தமிழ் மரபோ இவ்விரண்டையும் பெரும்பாலும் பிரித்தே கூறும். திருக்குறளின் 63ஆம் அதிகாரத்துக்கு 'இடுக்கண் அழியாமை' என்று பெயர். இடுக்கண் என்பது வெளியிலிருந்து வரும் துன்பம். அழிதல் என்பது உள்ளத்தில் நிகழ்வது. முன்னது வந்தபோதும் பின்னது நிகழாதிருக்கக் கூடும் என்பதை அத்தலைப்பே உணர்த்திவிடுகிறது. இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டால் மொழிபெயர்ப்பாளனுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். மூலம் நிகழ்ச்சியைக் கூறுகிறதா, மனநிலையைக் கூறுகிறதா என்று அவன் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மனநிலையைக் கூறுவதானால், தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றுட் பல வயலிலும் தோட்டத்திலும் நீர்நிலையிலும் பிறந்தவை. மனம் வாடுகிறது என்கிறோம், வாடுவது பயிர். மனம் துவள்கிறது என்கிறோம், துவள்வது கொடி. மனம் தளர்கிறது, தொய்கிறது என்கிறோம்; தளர்வது கட்டு, தொய்வது கயிறு. மனம் கலங்குகிறது என்கிறோம். கலங்குவது குளத்து நீர். மனம் ஒடிகிறது, முறிகிறது என்கிறோம். ஒடிவது சிறு கொம்பு, முறிவது பெருங்கிளை. மனம் உடைகிறது என்னும்போது கரையோ மட்கலமோ நினைவுக்கு வருகிறது. மனம் இடிகிறது என்னும்போது சுவர் விழுகிறது. "செய்தியைக் கேட்டு இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்" என்று நாட்டுப்புறத்தில் கூறுவதைக் கேட்டிருப்பீர்கள்.

இவற்றை இந்த வரிசையில் நான் அடுக்கியதற்குக் காரணம் உண்டு. வாடிய பயிருக்கு நீர் ஊற்றினால் நிமிர்ந்துவிடும். துவண்ட கொடிக்குக் கொழுகொம்பு ஒன்று நட்டால் போதும். தளர்ந்த கட்டை இறுக்கிவிடலாம். கலங்கிய நீரை ஒன்றும் செய்யவேண்டுவதில்லை. சிறிது பொழுது விட்டுவைத்தால் தானே தெளியும். ஒடிந்த கொம்பு ஒட்டாது. எனினும் மரம் வேறிடத்தில் தளிர்க்கும். உடைந்த கலத்தைப் புதிதாகத்தான் வனைய வேண்டும். ஆகவே, இச்சொற்கள் ஒவ்வொன்றும் உள்ளத்தின் இப்போதைய நிலையைக் கூறுவதோடு, அது மீளுமா, எவ்வாறு மீளும் என்பதையும் கேட்பவர்க்குக் குறிப்பால் கூறிவிடுகிறது. "இத்தோல்வியால் மாணவர் மனம் தளர்ந்தனர்" என்றால் அடுத்த தேர்வுக்கு அவர்கள் எழுந்து வருவார்கள் என்று நாம் எதிர்பார்க்கிறோம். "மனம் உடைந்தனர்" என்றால் அந்த எதிர்பார்ப்பு நமக்கு எழுவதில்லை. மூலநூலார் கூறாத ஒரு முடிவை, சொல்லை மாற்றிய அளவிலேயே நாம் கூறிவிடுகிறோம்.

வானொலிக்கு எழுதுவோர் 'மனமுறிவு' என்னும் சொல்லில் இன்னும் ஓர் எச்சரிக்கை கொள்ள வேண்டும். இச்சொல் இருவருக்கிடையே நட்போ உறவோ கெட்டு விலகுவதையும் குறிக்கும். அன்றியும், இரண்டு சுழி 'ன'கரத்துக்கு மாறாக மூன்று சுழி 'ண'கரம் ஒலித்துவிட்டால் அது திருமண உறவு முறிந்ததாகிவிடும். அச்சில் கண் வேறுபடுத்திக் காணும். ஒலிபெருக்கியில் காது அவ்வளவு நுட்பமாகப் பிரித்துக்கொள்ளும் என்று நம்ப இடமில்லை.

இனி, மீளும் தன்மையை விட்டு, காலத்தைக் கொண்டு இச்சொற்களை வரிசைப்படுத்திப் பார்ப்போம். ஒரு செயலைத் தொடங்குமுன் அதன் பெருமையைக் கண்டு திகைப்பது மலைப்பு. செயலின் நடுவே உழைப்பு மிகுதியால் வருவது அயர்வு. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வதால் வருவது சலிப்பு. பலன் கண்ணுக்குத் தெரியாமல் நாட்கள் செல்லும்போது வருவது தளர்ச்சி. முடிவு எதிர்பார்த்தபடி அமையாதபோது வருவது ஏமாற்றம். பல முடிவுகள் அவ்வாறே ஆனபின், இனி எதிலும் பயனில்லை என்று தோன்றுவது விரக்தி. மேலே ஏற வேண்டிய படிகளை எண்ணிப் பார்த்து நிற்பவரது நிலையை 'விரக்தி' என்று எழுதினால் அது பிழை. ஐந்தாம் முறையாக விண்ணப்பம் திரும்பி வந்தவரது நிலையை 'மலைப்பு' என்று எழுதினாலும் பிழையே. இந்த ஆறு சொற்களுக்கும் இடம்நோக்கி 'டிஸ்கரேஜ்' என்ற ஒன்றையே ஆங்கிலத்தில் ஆள முடியும். அதனைத் தமிழில் கொண்டுவரும்போது அந்த ஆறனுள் எது என்று தேர்ந்துகொள்ளும் பொறுப்பு நம்மைச் சேர்கிறது.

பேச்சு வழக்கில் 'மனம் விட்டுப்போதல்' என்றொரு தொடர் உண்டு. முயன்று முயன்று பார்த்தவர், "எனக்கு மனசு விட்டுப்போயிற்று" என்பார். இதனோடு 'மனம் விட்டுப் பேசுதல்' என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னது, உள்ளத்தில் அடைத்து வைத்திருந்ததைத் திறந்து கூறுவது. இரண்டிலும் 'மனம் விட்டு' என்பதே முன்னிற்கிறது. பின்னால் வரும் வினையால் ஒன்று தளர்ச்சியாகவும் மற்றது ஆறுதலாகவும் ஆகிவிடுகிறது. இத்தகைய வழக்குகளை எந்த மொழியிலும் சொல்லுக்குச் சொல் எடுத்துச் செல்ல இயலாது.

பழைய இலக்கியத்தின்பால் சிறிது செல்வோம். திருக்குறளில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை என்னும் நான்கு அதிகாரங்கள் 60 முதல் 63 வரை அடுத்தடுத்து நிற்கின்றன. இவற்றுள் ஆள்வினையுடைமையின் முதற் குறளில் 'அசாவாமை' என்றொரு சொல் வருகிறது. ஒரு செயல் செய்தற்கு அரியது என்று எண்ணித் தளராதிருத்தல் என்பது அதன் பொருள். 'அசாவுதல்' என்னும் இவ்வினைச்சொல், நாம் தேடும் ஆங்கிலச் சொல்லுக்கு வியக்கத்தக்க அளவு நெருங்கியது. ஆயினும் இன்று அதைச் செய்தியறிக்கையில் ஆண்டால் கேட்பவர்க்கு விளங்காது. சொல் நல்லதாயிருப்பது மட்டும் போதாது; கேட்பவரது வழக்கிலும் அது உயிரோடிருக்க வேண்டும்.

'சோர்வு' என்னும் சொல்லின் வரலாறு வேறு வகையானது. அது பழைய நூல்களில் பல இடங்களில் மறதியையும் கடமையில் நெகிழ்ச்சியையும் குறித்தது. பின்னர் உடலின் களைப்பைக் குறிப்பதாகவும் உள்ளத்தின் தளர்ச்சியைக் குறிப்பதாகவும் பெருகிற்று. இப்போது 'மனச்சோர்வு' என்பது மருத்துவத்தில் ஒரு நோயின் பெயராகவே நிலைபெற்றுவிட்டது. பல வாரங்கள் நீடித்து, உறக்கத்தையும் உணவையும் அன்றாட வேலையையும் கெடுத்து, சிகிச்சை வேண்டி நிற்கும் நிலை அது. ஆகவே, ஆட்டத்தில் தோற்ற அணியினர் ஒரு நாள் வருந்தியதை 'மனச்சோர்வு' என்று எழுதுவதை நான் தவிர்க்கிறேன். சிறியதற்கெல்லாம் அச்சொல்லை வழங்கினால், உண்மையில் அந்நோயுற்றவர் தம் நிலையைக் கூறும்போது, "இது எல்லோருக்கும் வருவதுதானே" என்று சுற்றத்தார் தள்ளிவிட இடமுண்டாகும். அத்தகையோர்க்கென்று மைய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசிச் சேவையின் எண் 14416 என்பதையும் இங்கே கூறிவைப்பது பொருந்தும்.

வடமொழியிலிருந்து வந்த சொற்களில் நேரும் இடர் இன்னொரு வகை. தில்லியில் பணிபுரிவோர்க்கு ஆங்கில மூலத்தோடு இந்தி வடிவமும் பக்கத்தில் கிடைக்கும். அதில் 'நிராஷாஜனக்' என்று இருக்கும். அல்லது 'ஹதோத்ஸாஹித்' என்று இருக்கும். பின்னதன் பொருள் உற்சாகம் அடிபட்ட நிலை என்பது. 'உற்சாகம்' நமக்கும் பழகிய சொல்லாதலால் இதில் தொல்லையில்லை. முன்னதில்தான் வழுக்கல் இருக்கிறது. இந்தியில் 'ஆஷா' என்பது நம்பிக்கை. நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பு. தமிழில் 'ஆசை' என்பது விருப்பம். ஆகையால் அவர்களுடைய 'நிராஷா' நம்பிக்கையிழப்பாகிறது. நம்முடைய 'நிராசை'யோ, விரும்பியது கைகூடாமற் போனதைக் குறிக்கிறது. விருப்பம் நிறைவேறாதவர் எல்லோரும் நம்பிக்கையிழந்தவர் ஆகமாட்டார்.

'விரக்தி' இதனினும் வியப்பானது. வடமொழியிலும் இந்தியிலும் அது பற்று நீங்கிய நிலை, துறவிக்குரிய பெருமை. தமிழிலோ இன்று அது கசப்போடு கூடிய வெறுமை. வடநாட்டு நண்பர் ஒருவர் ஒரு பெரியவரை 'விரக்தர்' என்று புகழ்ந்தால், தமிழர் அப்பெரியவருக்கு என்ன துன்பமோ என்று கவலையுறக் கூடும். 'அதைரியம்' என்பது தைரியமின்மை, அதாவது அச்சம். "அதைரியப்படாதே" என்று முதியோர் கூறுவதில் அன்பு இருக்கிறது. ஆனால் தளர்ந்தவரை அஞ்சியவராக்கிவிடும் தன்மையும் அச்சொல்லுக்கு உண்டு. 'அவநம்பிக்கை'யில் ஐயத்தின் சாயல் படிந்திருக்கிறது. "திட்டத்தில் மக்கள் அவநம்பிக்கை கொண்டனர்" என்றால், திட்டம் மெதுவாக நடப்பதால் வருந்தினர் என்று மட்டும் பொருள்படாது; அதை நடத்துவோரையும் ஐயுற்றனர் என்று பொருள்படும். நம் தமிழ்ச் சொல்லாகிய 'ஏமாற்றம்' என்பதும் இரண்டு முகமுடையது. எதிர்பார்த்தது நடவாமையும் ஏமாற்றம், வஞ்சித்தலும் ஏமாற்றமே. "நிறுவனத்தின் கணக்கு ஏமாற்றமளிக்கிறது" என்று எழுதுமுன் இருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

அடுத்து, அலுவலகக் கடிதங்களில் இச்சொல் வினையாக வரும் இடங்கள். "இப்பழக்கம் டிஸ்கரேஜ் செய்யப்படவேண்டும்" என்று மேலதிகாரி எழுதுவார். இதற்குத் தடை என்று பொருளன்று. ஆதரிக்கக்கூடாது, மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும் என்பதே கருத்து. 'தடைசெய்க' என்று மொழிபெயர்த்தால், எழுதியவர் கருதாத ஓர் ஆணை பிறந்துவிடும். அகராதியைப் பார்த்து, "இப்பழக்கம் அதைரியப்படுத்தப்பட வேண்டும்" என்று எழுதியவரையும் நான் கண்டிருக்கிறேன். பழக்கத்துக்கு ஏது தைரியம்? "இப்பழக்கத்துக்கு இடங்கொடுத்தல் ஆகாது" என்றோ, "இதனை ஊக்குவிக்கலாகாது" என்றோ எழுதினால் கருத்து நேராக வந்துவிடும்.

'ஊக்கமின்மை', 'ஊக்கமிழப்பு' என்னும் இரண்டையும் ஒன்றாகக் கொள்வோர் உண்டு. இவற்றினிடையே உள்ள வேறுபாடு சிறிதன்று. ஊக்கமின்மை ஒருவரது குணத்தைக் கூறுகிறது. ஊக்கமிழப்பு, முன்பு இருந்தது ஏதோ ஒரு காரணத்தால் போயிற்று என்கிறது. முன்னதில் பழி அவர்மேல் நிற்கிறது. பின்னதில் காரணத்தைத் தேடும் கடமை நம்மேல் வருகிறது. அமெரிக்க நாட்டின் தொழிற் புள்ளிவிவரங்களில் 'டிஸ்கரேஜ்ட் ஒர்க்கர்ஸ்' என்றொரு பகுப்பு உண்டு. வேலை செய்ய விரும்பி, முன்பு தேடியும் அலைந்து, தமக்கேற்ற வேலை கிடைக்காது என்று எண்ணித் தேடுவதை நிறுத்திவிட்டவர்கள் இவர்கள். தேடுவதை நிறுத்திவிட்டமையால், அந்நாட்டின் வேலையில்லாதோர் கணக்கில் இவர்கள் சேர்வதில்லை. தனியே எண்ணப்படுகின்றனர். இத்தொடரை "ஊக்கமற்ற தொழிலாளர்" என்று தமிழில் எழுதினால், வேலைக்காக அலைந்து ஓய்ந்தவரைச் சோம்பேறி என்று கூறியதாகும். "நம்பிக்கையிழந்து வேலை தேடுவதை விட்டவர்கள்" என்பது நீளமான தொடர்தான். ஆயினும் அது நேர்மையான தொடர்.

இதுவரை கூறியதிலிருந்து, கடுமையான சொல்லை விலக்கி மென்மையான சொல்லையே எப்போதும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் கூறுவதாக எவரும் கருதிவிடலாகாது. அவ்வாறு கருதி நானே ஒருமுறை தவறிழைத்தேன். பணியிலிருக்கும்போது காலமான ஊழியர் ஒருவரின் மனைவி, கருணை அடிப்படையில் தமக்கு வேலை வேண்டும் என்று தமிழில் விண்ணப்பித்திருந்தார். மைய அரசுப் பணியில் இத்தகைய நியமனங்களுக்கு, நேரடியாக நிரப்பப்படும் காலியிடங்களில் 5 விழுக்காடு என்ற வரம்பு உண்டு. வரிசையில் அவருக்கு முன் பலர் இருந்தனர். அவருக்கு அனுப்பவேண்டிய விடையில், வாய்ப்பு 'டிஸ்கரேஜிங்' ஆக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் இருந்தது. கணவரை இழந்த அம்மையாருக்கு இப்படி எழுதுவதா என்று எண்ணி, "தற்சமயம் வாய்ப்புச் சற்றுக் குறைவாக உள்ளது" என்று எழுதினேன். ஓராண்டு கழித்து அவரிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. "தாங்கள் காத்திருக்கச் சொன்னபடியால், பள்ளிக்கூடம் ஒன்றில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று கூறிவிட்டுக் காத்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தார்.

எவரும் அவரைக் காத்திருக்கச் சொல்லவில்லை. 'தற்சமயம்', 'சற்று' என்று நான் இரக்கத்தால் சேர்த்த இரண்டு சொற்கள்தாம் அவரைக் காத்திருக்கச் சொல்லின. "உங்களுக்கு முன் இத்தனை பேர் இருக்கின்றனர், ஓராண்டில் நிரப்பக்கூடிய இடங்கள் இத்தனை" என்று கேட்டறிந்து எழுதியிருந்தால், எது நல்லது என்று அவர் தாமே தீர்மானித்திருப்பார். அக்கடிதத்தின் படி ஒன்றை என் குறிப்பேட்டினுள் வைத்திருக்கிறேன்.

நிகழ்ச்சியைக் கூற வேண்டிய இடத்தில் எண்களையும் நாட்களையும் கூறுவதே பெரும்பாலும் சிறந்த மொழிபெயர்ப்பு என்னும் முடிவுக்கு நான் வந்தது இவ்வாறுதான். மழையையே மறுபடியும் எடுத்துக்கொள்வோம். இந்திய வானிலை ஆய்வுத் துறை மழையளவைக் குறிக்கத் திட்டமான பகுப்புக்களை வைத்திருக்கிறது. ஒரு மாவட்டத்தில் பெய்த மழை, நெடுங்காலச் சராசரியிலிருந்து 19 விழுக்காடு வரை கூடினாலும் குறைந்தாலும் அது 'இயல்பு'. 20 முதல் 59 விழுக்காடு வரை குறைந்தால் 'குறைவு'. 60 முதல் 99 வரை குறைந்தால் 'பெருங்குறைவு'. முழுதும் இல்லையானால் 'மழையின்மை'. 'வறட்சி' என்னும் சொல்லை அத்துறை 2016ஆம் ஆண்டில் தன் வழக்கிலிருந்து விலக்கிவிட்டது. வானத்திலிருந்து விழுந்த நீரை அளப்பது அதன் வேலை. வறட்சி என்று அறிவிப்பது மாநில அரசுகளின் பொறுப்பு. சொல்லின் எல்லையை உணர்ந்து நடந்ததற்கு இது நல்ல சான்று.

அதுபோலவே, மேட்டூர் அணையின் நீர்மட்டம் 'டிஸ்கரேஜிங்' என்று மூலத்தில் இருந்தால், முழு மட்டமாகிய 120 அடியில் இன்று இருப்பது இத்தனை அடி என்று எழுதலாம். ஜூன் 12ஆம் நாள் அணையைத் திறப்பது வழக்கம் என்பதைத் தஞ்சை உழவர் அறிவார். எஞ்சியிருக்கும் நாட்களை எண்ணிக் குறுவையா சம்பாவா என்று அவரே முடிவு செய்துகொள்வார். அவர் மனம் தளர வேண்டுமா என்பதை நாம் தில்லியிலிருந்து கூறவேண்டுவதில்லை.

உயிரைப் பற்றிய செய்திகளில் இக்கடமை இன்னும் கனமானது. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் குமரிக் கடலில் ஒக்கிப் புயல் வீசியபோது, கடலுக்குச் சென்ற மீனவர் பலர் திரும்பவில்லை. கரையில் அவர்கள் குடும்பத்தினர் நாட்கணக்காகச் செய்தியை எதிர்நோக்கி நின்றனர். அத்தகைய ஒரு நாளில், தேடுதலின் பயன் இதுவரை 'டிஸ்கரேஜிங்' என்று ஒரு வாக்கியம் நம் மேசைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். "நம்பிக்கை அற்றுப்போயிற்று" என்று எழுதினால், கரையில் நிற்கும் தாய்க்கு நாம் மரணச் செய்தி கூறியவராவோம். "நம்பிக்கையுடன் தேடிவருகின்றனர்" என்று எழுதினால், மூலத்தில் இல்லாத ஓர் ஆறுதலைப் படைத்தவராவோம். "இன்று மாலை வரை நடந்த தேடுதலில் எவரும் கண்டுபிடிக்கப்படவில்லை" என்பது அந்தத் தாயிடம் கூறத்தக்க சொல். அதில் 'இன்று மாலை வரை' என்னும் மூன்று சொற்களை ஒருபோதும் விட்டுவிடலாகாது.

ஒருபொருட் சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்வது எளிது. சோர்வு, தளர்வு, அயர்வு, சலிப்பு, மலைப்பு, ஏமாற்றம், நிராசை, விரக்தி என்று மாணவர் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவர். அவற்றுள் எதை எடுப்பது என்பதற்கு மூன்று கேள்விகள் எனக்குத் துணைசெய்து வருகின்றன. மூலம் நிகழ்ச்சியைக் கூறுகிறதா, மனநிலையைக் கூறுகிறதா? மனநிலையானால், அது செயலின் எந்தக் கட்டத்தில் வந்தது? நான் எடுக்கும் சொல், மூலம் திறந்து வைத்த கதவை மூடுகிறதா, அல்லது மூலம் மூடிய கதவைத் திறந்துவிடுகிறதா? இம்மூன்றுக்கும் விடை கண்டபின் எடுக்கும் சொல் அழகில் சிறிது குறைந்திருந்தாலும் குற்றமில்லை.

முதலில் கூறிய அந்த அறிக்கைக்குத் திரும்புகிறேன். அன்று மாலை நான் எழுதி முடித்த வாக்கியம் இது: "வடகிழக்குப் பருவமழை இதுவரை எதிர்பார்த்த அளவுக்குப் பெய்யவில்லை, பருவம் முடிய இன்னும் இரண்டு மாதங்கள் இருக்கின்றன." மூத்தவர் அதைப் படித்துவிட்டு, இரண்டாவது பகுதி மூலத்தில் உண்டா என்று கேட்டார். அறிக்கையின் அடுத்த பத்தியில் அச்செய்தி இருப்பதைக் காட்டினேன். தலையசைத்துக் கையெழுத்திட்டார். அவ்வாண்டு நவம்பரில் சில ஊர்களில் கண்மாய் நிறைந்தது. சில ஊர்களில் அடிமண் தெரியக் கிடந்தது. இரண்டு ஊர்க்காரரிடமும் அந்த வாக்கியம் பொய்யாகவில்லை.